மூடிய திரைக்குப் போட்ட கும்பிடு

மலேசியாவில், தெலுக் இந்தானில் எங்கள் அடுக்குவீட்டுப் படிக்கட்டில் யாரைப் பார்த்தாலும் இப்போது ஒரே கேள்விதான். "சங்கரன்கோவிலில் அம்மன் கண்ணைத் திறந்து பார்த்தாளாமே, நீங்களும் அங்கேதான் நின்றீர்களாமே?" நின்றேன், ஆனால் அப்படி ஒன்றும் நான் பார்க்கவில்லை என்று சொன்னால் கேட்டவர் முகம் சுருங்கிப்போகிறது. ஏதோ நான் அவர் சோற்றைத் தட்டிவிட்டதுபோல. தோட்டத்துப் பள்ளியில் மூன்றாவது வரைக்கும் படித்தவள் நான். எழுத்து மெதுவாகத்தான் வரும். வரட்டும். என்னையும் சாட்சியாகச் சேர்த்துக்கொண்டு ஒரு பொய் ஊரைச் சுற்றி வரும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது.

நான் போனது என் சொந்தக் காரியமாக. என் வீட்டுக்காரர் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைக் காட்டில் குலை வெட்டும்போது நாகம் கடித்துப் பிழைத்தவர். ஆஸ்பத்திரியில் அவருக்கு ஊசி போட்டார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, சங்கரன்கோவில் கோமதியம்மனுக்கு வெள்ளியில் பாம்பு செய்து போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். ஊசியும் வேலை செய்தது, அம்மனும் இரங்கினாள். அந்த இரண்டுக்கும் எங்கள் வீட்டில் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. அவர் நல்லபடி வாழ்ந்து, வயதாகிப் போய்ச் சேர்ந்தார். வேண்டுதல் மட்டும் நின்றுபோயிருந்தது.

தனியாக அனுப்ப மகனுக்குப் பயம். பக்கத்து மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை பஜனை பாடும் பெண்கள் கூட்டமாகக் கிளம்பினார்கள். அவர்களோடு என்னைச் சேர்த்துவிட்டான். எல்லாருக்கும் ஒரே மஞ்சள் புடவை. தலைவி லோகநாயகி. அந்தக் கூட்டத்தில் அவரை மாதா என்றுதான் கூப்பிட வேண்டுமாம். அவரும் பேரன் எடுத்தவர்தான், இருந்தும் என்னைப் பாட்டி என்பார். நான் அவரை லோகநாயகி என்றே கூப்பிட்டேன். விமானம் ஏறுவதற்கு முன்பே எங்களுக்குள் அவ்வளவாக ஆகவில்லை.

சங்கரன்கோவிலில் இறங்கிய காலையில் முதலில் என் கண்ணில் பட்டது டீக்கடை. எங்கள் ஊரில் தேத்தண்ணி பெரிய குவளையில் வரும், அரைமணி நேரம் பேசிக்கொண்டே குடிக்கலாம். இங்கே விரல் உயரத்துக் கண்ணாடி டம்ளர். இரண்டு மடக்கில் தீர்ந்துபோனது. இன்னொன்று கேட்டேன். "ஏலே, ஆச்சிக்கு இன்னொரு டீ போடு" என்று கடைக்காரர் சத்தம் கொடுத்தார். எங்கள் நாட்டில் ஆச்சி என்றால் செட்டியார் வீட்டம்மா. பாட்டிக்கு இது மேல் என்று எடுத்துக்கொண்டேன்.

ஊர் முழுக்க பிரியாணி வாசனை. இந்த ஊர் அதற்குப் பேர்போனதாம். நாங்கள் விரதம் என்று கூட்டத்தில் முடிவாகியிருந்தது. என்னைக் கேட்டு எடுத்த முடிவில்லை. இட்லியும் சாம்பாரும் சாப்பிட்டுக் கோயிலுக்குப் போனோம்.

இந்தக் கோயிலின் கதையைத் தெரிந்துகொண்டால்தான் என் கோபம் புரியும். சங்கன், பதுமன் என்று இரண்டு நாகராஜாக்கள். சிவன்தான் பெரியவர் என்பான் ஒருவன், பெருமாள்தான் என்பான் மற்றவன். அடித்துக்கொண்டு அம்மனிடம் வந்தார்கள். அவள் இந்தப் பக்கமும் சேரவில்லை, அந்தப் பக்கமும் சேரவில்லை. புன்னைவனத்தில் ஒற்றைக்காலில் நின்று தவம் செய்தாள். இரண்டு பேரும் ஒரே உடம்பாகக் காட்சி கொடுத்த பிறகுதான் மற்றக் காலை ஊன்றினாள். தேவலோகத்துப் பெண்கள் பசுக்களாகி அவளோடு வந்து நின்றார்களாம். எந்தப் பசுவும் அவளிடம் போய், நாங்கள் சொல்வதை நீயும் சொல் என்று கேட்டதாக நான் கேள்விப்படவில்லை. அப்படிப்பட்டவளின் சந்நிதியில்தான் இந்தக் கூத்து நடந்தது.

தீபாராதனை. தூண் வரிசைக்கு இப்பால் எங்கள் கூட்டம் நின்றது. குருக்கள் தட்டை மேலே ஏற்றி இறக்கும்போது வெளிச்சமும் நிழலும் அம்மன் முகத்தில் ஏறி இறங்கின. மனசு நிறைந்து நின்றேன். அப்போது லோகநாயகி சொன்னார்: "பார்த்தீங்களா? இமை அசைஞ்சது. கண்ணைத் திறந்து நம்மளைப் பார்த்தா."

எல்லாரும் சந்நிதியை எட்டிப் பார்த்தார்கள். பிறகு அவர் பக்கத்திலேயே எப்போதும் நிற்கும் கமலா, "ஆமா மாதா" என்றாள். அவளுக்குப் பின்னால் ஒருத்தி. அப்புறம் இன்னொருத்தி. தகரக் கூரையில் மழை பிடிப்பதுபோல, ஒன்று இரண்டாகத் தொடங்கி, சடசடவென்று எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே. எப்பவும்போல நல்லாத்தான் இருக்கா" என்றேன்.

"பாட்டிக்குக் கண்ணு ஆபரேஷன் பண்ணியிருக்குலா. அவங்களுக்கு எங்க தெரியப் போகுது" என்றாள் கமலா. எல்லாரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆபரேஷன் செய்ததால்தான் எனக்கு நன்றாகத் தெரிகிறது. மூன்றாவது மாடியிலிருந்து பஸ் நம்பரைப் படிப்பவள் நான். சொல்ல வாயெடுப்பதற்குள் என் பக்கத்தில் மெல்லிய குரல் கேட்டது. "நானும் பார்க்கலை."

அது பரமேஸ்வரி. கையுறைத் தொழிற்சாலையில் வேலை. நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. சின்ன வயதிலிருந்தே வலிப்பு வரும், அதற்குக் காலையும் மாலையும் மாத்திரை. லாட்ஜில் எனக்கும் அவளுக்கும் ஒரே அறை.

லோகநாயகி திரும்பி அவளைப் பார்த்தார். "உனக்கு நல்ல கண்ணுதானே பரமு. அப்போ கோளாறு கண்ணுல இல்ல" என்றார்.

லாட்ஜுக்குத் திரும்பியதும் கீழ்க்கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். கோயிலில் அசைந்த இமை, அங்கே வந்தபோது கண்ணீர் விட்டிருந்தது. சாயங்காலத்துக்குள் உதடும் அசைந்துவிட்டது. ஒவ்வொருத்தியும் தான் பார்த்ததைச் சொல்லும்போது, முந்தியவள் சொன்னதோடு கொஞ்சம் கூட்டிச் சொன்னாள். பொய் சொல்கிறவர்களின் முகம் எனக்குத் தெரியும். அந்த முகங்கள் அப்படி இல்லை. சொல்லச் சொல்ல நம்பினார்கள். அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

கடைசியில் பரமேஸ்வரியிடம் வந்தார்கள். நாகதோஷம் அவள் கண்ணை மறைக்கிறதாம். மாத்திரை போடுகிறவரைக்கும் மனசு முழுக்கச் சரணடையாதாம். அம்மன் சந்நிதிக்கு எதிரே தரையில் ஒரு சக்கரப் பள்ளம் இருக்கிறது, மனக்கோளாறு உள்ளவர்கள் அதில் உட்கார்ந்து வேண்டிக்கொள்வார்கள். கிளம்பும் நாளில் அவள் அதில் உட்கார வேண்டும். அதுவரை கோயிலில் தரும் புற்றுமண்ணைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம், மாத்திரை கூடாது.

யாரும் அதட்டவில்லை. எல்லாரும் அன்பாகத்தான் சொன்னார்கள். ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டாள். கமலா தலையைத் தடவிக் கொடுத்தாள். நான் என் வீட்டுக்காரர் கதையைச் சொல்லி, ஊசியும் வேண்டுதலும் சேர்ந்துதான் அவரைக் காப்பாற்றின என்றேன். "அது உங்க காலம் பாட்டி" என்று சிரித்தார்கள். பரமேஸ்வரி எழுந்து மேலே போய், மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்து கமலாவின் கைப்பையில் தன் கையாலேயே போட்டாள்.

மறுநாள் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு வேனில் போனோம். டிரைவர் முத்துப்பாண்டி, உள்ளூர்க்காரர், பேச்சில் கெட்டி. வழியெல்லாம் காய்ந்த நிலமும் சீமைக்கருவேலும். எங்கள் நாட்டுப் பச்சையைப் பார்த்த கண்ணுக்கு இந்த மண்ணின் நிறமே வேறாக இருந்தது. தூரத்தில் ஒரு மந்தை சாலையைக் கடந்தது. முன்சீட்டில் இருந்த லோகநாயகி கையைக் கூப்பினார். "பசுக்கூட்டம். கோமதியோட பசுக்கள் நமக்கு வழி காட்டுது."

வேனே கையைக் கூப்பியது.

"அது வெள்ளாடும்மா. மேலநீலிதநல்லூர்ப் பக்கத்துக் கோனார் ஓட்டிட்டுப் போறாரு" என்றார் முத்துப்பாண்டி.

அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. கிட்டே போனபோது ஆடுகள் ஆடுகளாகவே நின்றன. ஒன்று எங்களைப் பார்த்துக் கத்தவும் செய்தது. கூப்பிய கையை யாரும் இறக்கவில்லை. லோகநாயகி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்ததை நான் மனதில் வைத்துக்கொண்டேன்.

கொஞ்ச தூரத்தில் டயர் படுத்துவிட்டது. வெயிலில் எல்லாரும் இறங்கி நின்றோம். நம்பிக்கை இல்லாதவர்கள் வண்டியில் இருந்தால் இப்படித்தான் தடங்கல் வரும் என்று என் முதுகுக்குப் பின்னால் பேச்சு கிளம்பியது. முத்துப்பாண்டி டயரிலிருந்து ஆணியைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். "இந்தா பாருங்க ஆச்சி. லாட ஆணி. ஏறிட்டு. அம்புட்டுத்தான் விசயம்."

நான் அதைக் கமலாவிடம் காட்டினேன். "அந்த ஆணி சரியா அந்த இடத்துல ஏன் கிடக்கணும்?" என்று கேட்டாள். முத்துப்பாண்டி என்னைப் பார்த்தார். "ஆச்சி, இவுககிட்டப் பேசுததுக்கு நான் டயரையே மாட்டிருதேன்" என்று ஜாக்கியை எடுத்துக்கொண்டு போனார்.

மதியம் அறையில் பரமேஸ்வரி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சாப்பாடு இறங்கவில்லை. இடது கட்டைவிரல் தானாக வெட்டி வெட்டி இழுத்தது. அதை மறுகையால் பொத்திக்கொண்டாள்.

"நேத்து நீ நிஜமா ஒண்ணும் பார்க்கலைதானே?" என்று கேட்டேன்.

"அப்போ பார்க்கலை பாட்டி. இப்போ யோசிச்சா லேசா அசைஞ்ச மாதிரிதான் இருக்கு. இத்தனை பேர் பார்த்திருக்காங்க. நான் ஒருத்தி மட்டும் சரின்னு எப்படிச் சொல்றது?"

"மாத்திரையை ஏன் கொடுத்தே?"

"அம்மா செத்தப்போ இவங்கதான் வந்தாங்க. பாத்திரம் பாத்திரமா சோறு கொண்டுவந்தாங்க. கருமாதி வரைக்கும் கூட இருந்து பாடினாங்க. இவங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா பாட்டி?"

பக்தி என்று நினைத்து நான் அதுவரை கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். அது பக்தி இல்லை, தனியாகிவிடுவோமோ என்ற பயம். அந்தப் பயத்தின்மேல் சாமி பேரை எழுதி ஒட்டியிருந்தார்கள். அதைத் தெரிந்துகொண்டபோது என் கோபம் இரண்டு மடங்கானது.

அவள் பையில் கிடந்த காலி மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு ரத வீதியில் ஒரு மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் கடையநல்லூர்க்காரர், தொப்பி போட்டிருந்தார். பினாங்கில் அவருடைய மாமா கடை வைத்திருந்தாராம், நான் மலேசியா என்றதும் உட்கார ஸ்டூல் எடுத்துப் போட்டார். அட்டையைப் பார்த்ததும் முகம் மாறியது.

"இது டாக்டர் சீட்டு இல்லாம தரக்கூடாது ஆச்சி. யாருக்கு?"

சொன்னேன். விரல் இழுப்பதையும் சொன்னேன்.

"அல்லாவே. இதைத் திடீர்னு நிப்பாட்டப்படாது. நிப்பாட்டினா முன்னைவிடக் கடுமையா வரும், உசுருக்கே ஆபத்தாயிரும். அந்தப் பிள்ளையோட மாத்திரையை வாங்கி முதல்ல குடுங்க, அப்படியே டாக்டர்ட்டயும் கூட்டிட்டுப் போங்க. சாமிக்கு நேந்துக்கிடுதது நேந்துக்கிடட்டும். நானும் அஞ்சு வேளை தொழுதேன், சுகர் மாத்திரையும் போடுதேன். படைச்சவன் கோவிச்சுக்கிடலை."

நேராகக் கூடத்துக்குப் போய் அதை அப்படியே சொன்னேன். லோகநாயகி பொறுமையாகக் கேட்டார். "விரல் துடிக்குதுன்னா தோஷம் வெளியே கிளம்புதுன்னு அர்த்தம் பாட்டி" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். டப்பா இருந்த பையைக் கமலா மடியில் இறுக்கிக்கொண்டாள். பரமேஸ்வரியை டாக்டரிடம் வரச்சொல்லி மன்றாடினேன். நாளைக்குச் சக்கரத்தில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்றாள். மருந்துக்கடைக்காரர் சொன்ன ஆபத்து அவள் காதிலும் ஏறவில்லை, முத்துப்பாண்டியின் வெள்ளாடு மாதிரி.

கிளம்பும் நாள். காலையில் கோயிலுக்குள் போனபோது மண்டபம் இருட்டாக இருந்தது. பரமேஸ்வரியைச் சக்கரப் பள்ளத்தில் உட்காரவைத்துவிட்டு, கூட்டம் தூணுக்கு இப்பால் தன் வழக்கமான இடத்தில் நின்றது. நான் பள்ளத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். அவள் விரல் மட்டுமல்ல, மணிக்கட்டே இப்போது இழுத்தது. உதடு வெளுத்திருந்தது.

லோகநாயகி கழுத்தை நீட்டிக் கண்ணைச் சுருக்கினார். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். "பாருங்க, இன்னிக்குச் சிரிக்கிறா. பரமு, உன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறா. இப்போ தெரியுதா?"

"ஆமா மாதா, சிரிக்கிறா" என்றாள் கமலா. ஆமா, ஆமா என்று பின்னால் மழை பிடித்தது. ஒருத்தி அழுதாள்.

எனக்குப் பக்கத்தில் பருத்திச் சுளையை முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்த உள்ளூர் அம்மா ஒருத்தி நின்றிருந்தாள். முதல் வெடிப்புப் பருத்தியாம், அம்மனுக்குப் போட வந்தவள். எங்கள் கூட்டத்தை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏக்கா, யாரைக் கும்பிடுதீக? திரைல்லா போட்டிருக்கு. உள்ள அலங்காரம் நடக்கு."

திரைதான். சந்நிதி வாசலை மேலிருந்து கீழ்வரை மறைத்து சிவப்புத் திரை. உள்ளே போனதிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்ததும் அதைத்தான். லோகநாயகிக்குத் தூரத்தில் இருப்பது சரியாகத் தெரியாது. கண்ணாடி போட்டால் மாதாவுக்கு மதிப்புக் குறையும் என்று போடவில்லை. விளக்கு வெளிச்சத்தில் சிவப்பாக எதையோ பார்த்து அம்மன் என்று நினைத்துக்கொண்டார். அதையாவது மன்னிக்கலாம். மற்றவர்களுக்கு என்ன வந்தது? நல்ல கண்ணை வைத்துக்கொண்டு, எதிரே தொங்கும் துணியைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்கிறார்களே.

அவர் வெட்கப்படுவார் என்று நினைத்தேன். இந்த உலகத்தில் இத்தனை வருஷம் இருந்தும் எனக்கு இன்னும் விவரம் போதவில்லை.

"எனக்குத் திரை ஏது கமலா?" என்றார் லோகநாயகி, சாந்தமாக.

"திரைக்குள்ளயும் பார்த்துட்டாங்க மாதா" என்று கமலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நானும் பார்த்தேன்" என்றாள் அவள் பின்னால் நின்ற புஷ்பா. நானும், நானும் என்றார்கள்.

அதற்குமேல் எனக்கு நாக்கு நிற்கவில்லை. "பார்த்தீங்கல்ல? சொல்லுங்க. அம்மனுக்கு என்ன நிறத்துல புடவை கட்டுறாங்க?"

"பச்சை" என்றாள் கமலா. அதே வேகத்தில் புஷ்பா, "மஞ்சள்" என்றாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பருத்திக்கார அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள்.

சக்கரப் பள்ளத்திலிருந்து பரமேஸ்வரி எழுந்தாள். தூணைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது. லோகநாயகிக்கு எதிரே போய் நின்று கையை நீட்டினாள். கை ஆடியது.

"எனக்குத் திரைதான் தெரியுது. என் மாத்திரையைக் கொடுங்க."

"இன்னும் கொஞ்ச நேரந்தான் பரமு."

"கொடுங்க மாதா."

பை கமலாவிடம் இருந்தது. கமலா லோகநாயகியைப் பார்த்தாள். பிறகு ஆடிக்கொண்டிருந்த அந்தக் கையைப் பார்த்தாள். யாரையும் கேட்காமல் பையைத் திறந்து டப்பாவை எடுத்துக் கொடுத்துவிட்டு, மஞ்சள் புடவைகளுக்கு நடுவில் போய்த் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பயணத்தில் அவள் தானாகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்று நினைக்கிறேன். ஊருக்கு வந்து அதை அவளே மறந்துவிட்டாள். கண் திறந்த கதையை இன்று அதிகம் சொல்பவளும் அவள்தான்.

பிராகாரத்துக் குழாயில் பரமேஸ்வரிக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். முத்துப்பாண்டிக்குச் சொல்லியனுப்பி, தரிசனம் முடிந்த கையோடு டாக்டரிடம் போக வண்டியை வாசலுக்கு வரவழைத்தேன். அதற்குள் உள்ளே மணி அடித்தது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நான் வேகமாகப் போனேனா, என் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் வந்தாளா என்று தெரியவில்லை.

திரை விலகியிருந்தது. மஞ்சள் புடவைகளுக்குப் பின்னால் போய் நிற்காமல், பருத்திக்கார அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றோம். என் வெள்ளிப் பாம்பை உண்டியலில் போட்டேன். அம்மன் கண் இரண்டும் திறந்துதான் இருந்தன. முதல் நாளும் அப்படித்தான் இருந்தன. மூடியிருந்தால்தானே திறப்பதற்கு.

பரமேஸ்வரி என் காதருகே குனிந்தாள். "பாட்டி, நீலப் பட்டுதானே?"

"என்னைக் கேட்காதே. உனக்கு என்ன தெரியுதோ அதைச் சொல்லு."

அவள் நிமிர்ந்து, சந்நிதியையே வெகுநேரம் பார்த்தாள்.

"நீலம்தான்" என்றாள்.